ஒரே கட்டை, பல ஊர்

தூக்கம் வராத ஒரு ராத்திரியில் 1493ஆம் வருடத்துப் புத்தகம் ஒன்றைக் கணினியில் புரட்டிக்கொண்டிருந்தேன். ஐரோப்பிய நூலகங்கள் இந்த மாதிரிப் பழம்புத்தகங்களை ஸ்கேன் செய்து இலவசமாகவே போட்டிருக்கின்றன. லத்தீன் எனக்குத் தெரியாது. படம் பார்க்க லத்தீன் எதற்கு? டமாஸ்கஸ் வந்தது. மதில், கொத்தளம், நெருக்கியடித்த கூரைகள், அவற்றின் நடுவே கூரான கோபுரங்கள். நன்றாக இருந்தது. பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனால் இத்தாலியில் இருக்கும் ஃபெராரா வந்தது. அதே மதில், அதே கொத்தளம். அப்புறம் மான்டுவா. அதுவும் அதே.

ஸ்கேன் எடுத்தவர் தூக்கக் கலக்கத்தில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். படத்தைச் சுற்றியிருந்த எழுத்தைப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் வேறு. படம் மட்டும்தான் ஒன்று. சிரியாவில் இருக்கும் ஊருக்கும் இத்தாலியில் இருக்கும் ஊர்களுக்கும் ஒரே மரக்கட்டையை மை தடவி அடித்திருக்கிறார்கள், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

புத்தகம் சாதாரணப் புத்தகம் இல்லை. ஜெர்மனியின் நூரெம்பெர்க் நகரத்தில் வைத்தியர் ஹார்ட்மான் ஷேடல் தொகுத்த உலக வரலாறு. இன்று அதை ‘நூரெம்பெர்க் குரோனிக்கிள்’ என்கிறார்கள். உலகம் படைக்கப்பட்டதில் ஆரம்பித்து அவர்கள் காலம் வரை வந்து, உலகம் எப்படி முடியப்போகிறது என்பதையும் சொல்லிவிடும். 1493 ஜூலையில் லத்தீன் பதிப்பு, அதே வருடம் டிசம்பரில் ஜெர்மன் பதிப்பு. பணம் போட்டவர்கள் ஸீபால்ட் ஷ்ரையர், ஸெபாஸ்டியன் காமர்மைஸ்டர் என்ற இரண்டு பேர். படங்களுக்குப் பொறுப்பு ஓவியப் பட்டறை வைத்திருந்த மிஹாயெல் வோல்கெமுட்டும் அவருடைய மனைவியின் மகன் வில்ஹெல்ம் ப்ளைடன்வுர்ஃபும். அச்சடித்தவர் அன்டோன் கோபெர்கர். அந்தக் காலத்து ஐரோப்பாவில் பெரிய அச்சகக்காரர்களில் ஒருவர். இதே வோல்கெமுட் பட்டறையில் 1486 முதல் 1489 வரை ஒரு பையன் தொழில் கற்றான். கோபெர்கர் அவனுக்கு ஞானத்தகப்பன். பையன் பெயர் அல்பிரெஷ்ட் டியூரர், பின்னாளில் பேர்பெற்ற ஓவியர். அவர் வரைந்த காண்டாமிருகத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

இந்தப் புத்தகத்தில் மொத்தம் 1,809 படங்கள். பொறுமையாக உட்கார்ந்து எண்ணியவர்கள் சொன்ன கணக்கு இது. அத்தனை படங்களுக்கும் செதுக்கிய கட்டைகள் 645தான். ஊர்களுக்கு மட்டும் இந்த கதி என்றில்லை. தாடி வைத்த ஒரே ஆசாமி ஒரு பக்கத்தில் ராஜா, இன்னொரு பக்கத்தில் தத்துவஞானி. கீழே பெயர் மாறும், ஆள் மாறமாட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அது ஏமாந்த சிரிப்பு இல்லை, தெரிந்த முகத்தைப் பார்த்த சிரிப்பு.

என் பெரியப்பா டிரெடில் மெஷின் வைத்து ஒரு சின்ன அச்சகம் நடத்தினார். கல்யாணப் பத்திரிகை, பில் புக், திருவிழா நோட்டீஸ் எல்லாம் அடிப்பார். எழுத்துக் கோக்கக் கம்பாசிட்டர் ஒருவர், மெஷின் மிதிக்க ஒரு பையன், லீவு நாட்களில் எடுபிடியாக நான். எழுத்துப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு மர அலமாரியில் பிளாக்குகள் அடுக்கியிருக்கும். பிள்ளையார், பூரணகும்பம், குத்துவிளக்கு, கூப்பிய கை. அப்புறம் ஒரு கோபுரம். ஐந்து நிலை, உச்சியில் கலசம், இருபுறமும் ஒவ்வொரு தென்னை மரம். சுற்று வட்டாரத்தில் எந்தக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்றாலும் நோட்டீஸில் அந்தக் கோபுரம்தான். சிவன் கோயிலுக்கும் அதே, பெருமாள் கோயிலுக்கும் அதே. ஒரு தடவை பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மன் கோயில் நோட்டீஸைச் சரிபார்க்க வந்த பெரியவர் கேட்டுவிட்டார்: “ஏங்க, எங்க கோயிலுக்கு ஏது கோபுரம்? ஓட்டுக் கூரைதானே?”

பெரியப்பா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “இருக்கட்டும்ங்க. கோபுரத்தைப் பார்த்தாத்தான் கோயில் நோட்டீஸுன்னு தெரியும். இல்லேன்னா ரேஷன் கடை நோட்டீஸுன்னு மடிச்சுப் பாக்கெட்ல வெச்சுக்குவான்.”

பெரியவர் ஒத்துக்கொண்டார். ஓட்டுக் கூரை அம்மனுக்கு ஐந்து நிலைக் கோபுரம் கிடைத்தது.

கோபெர்கரிடம் போய் டமாஸ்கஸில் கிறிஸ்தவத் தேவாலயக் கூம்புகள் எப்படி வந்தன என்று கேட்டிருந்தால் அவரும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லியிருப்பார். ‘இங்கே ஒரு ஊர் வருகிறது’ என்று பக்கத்தின் ஓரத்தில் மணியடிப்பதுதான் அந்தப் படத்தின் வேலை. அந்த ஊரைக் காட்டுவது இல்லை. அவர்களுக்கு நிஜ ஊரை வரையத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். அதே புத்தகத்தில் நூரெம்பெர்க்கை இரண்டு பக்கம் முழுக்க விரித்து வரைந்திருக்கிறார்கள். கோட்டை, இரட்டை மதில், பெயர் எழுதிய தேவாலயங்கள். கீழே வலது மூலையில், மதிலுக்கு வெளியே, ஆற்றோரம் கொஞ்சம் கட்டடங்கள். அது காகித ஆலை. உல்மான் ஷ்ட்ரோமர் 1390இல் தொடங்கியது, ஜெர்மனியின் முதல் காகித ஆலை. சொந்த ஊர் என்றால் ஆலை வரைக்கும் கணக்காக வரும். மான்டுவாவை யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

நான் இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். சிக்கனம் என்றும் சொல்லிவிட முடியாது. சிக்கனம் பார்ப்பவர்கள் 645 கட்டை செதுக்கமாட்டார்கள். ஒரு கட்டைக்கு ஆகும் உழைப்பு என்ன என்று தெரிந்தால்தான் இது புரியும்.

மரத்தை நீளவாக்கில் அறுத்த பலகை. பேரிக்காய் மரம் இதற்கு ரொம்பப் பெயர் போனது. நார் நெருக்கமாக, ஒரே சீராக இருக்கும். ஓவியர் அதன்மேல் இடம் வலம் மாற்றி வரைவார். செதுக்குபவர் கத்தியை எடுத்து, வரைந்த கோட்டை விட்டுவிட்டு, கோடு இல்லாத இடத்தையெல்லாம் தோண்டி எடுப்பார். அதாவது கறுப்பு நமக்குத் தெரிகிறது, ஆனால் அவர் கை வைத்ததெல்லாம் வெள்ளையில். ஒரு கோட்டுக்கு இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும். நிழல் காட்டக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போட்டுவிட்டாரென்றால் தொலைந்தது கதை. ஓவியருக்கு அது இரண்டு இழுப்பு. செதுக்குபவருக்கோ அந்த வலைக்கு நடுவே இருக்கும் ஒவ்வொரு குட்டி வெள்ளைக் கட்டமும் தனித்தனியாக நான்கு வெட்டு.

படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் நானும் முயற்சி பண்ணினேன். தச்சரிடம் ஒரு துண்டுத் தேக்கு வாங்கி, என் பேரின் முதலெழுத்து ‘கு’வைத் திருப்பி வரைந்து, பிளேடு கத்தியால் ஆரம்பித்தேன். நார் ஓடும் திசையில் கத்தி வெண்ணெயில் போகிற மாதிரி போகும், நிறுத்துவதற்குள் தாண்டிவிடும். குறுக்கே திரும்பினால் கல் மாதிரி நிற்கும். வளைவில் வந்தால் பிளந்து சிம்பாக எழும். ஒரு மணி நேரத்தில் கையில் இரண்டு கீறல். எழுத்து ‘கு’ மாதிரியும் இல்லை, வேறு எதுவாகவும் இல்லை.

அதற்குப் பிறகுதான், சாவு வந்து ஒவ்வொருவரையும் அழைத்துப்போவதைக் காட்டும் ஹோல்பைனின் படவரிசையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வரைந்தவர் ஹான்ஸ் ஹோல்பைன். செதுக்கியவர் ஹான்ஸ் லூட்ஸல்பூர்கர். ஒவ்வொன்றும் 65 மில்லிமீட்டர் உயரம், 50 அகலம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அதில் உழவன் படம் ஒன்று இருக்கிறது. கிழவன் கலப்பையைப் பிடித்துக் குனிந்து நடக்கிறான். எலும்புக்கூடாக வந்த சாவு குதிரைகளுக்குப் பக்கத்தில் ஓடிச் சாட்டையால் விரட்டுகிறது. உழவுசால்கள் கீழே வரிவரியாக. தூரத்தில் ஒரு தேவாலயம், அதற்குப் பின்னால் சூரியன், வானம் முழுக்கக் கதிர். மற்றப் படங்களில் பலரைப் பிடித்து இழுத்துப்போகும் சாவு, இந்தக் கிழவனிடம் ‘வா, சீக்கிரம் முடித்துவிட்டுப் போகலாம்’ என்று கூடமாட வேலை செய்கிற மாதிரி இருக்கும். கதிர்களின் ஒவ்வொரு கோட்டுக்கு நடுவிலும் இருக்கும் வெள்ளையை ஒரு மனிதன் கத்தி முனையால் நெம்பி எடுத்திருக்கிறான். லூட்ஸல்பூர்கர் 1526இல், வேலை முழுதும் முடியாமலேயே இறந்துவிட்டார். 1538இல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் 41 படங்களோடு புத்தகம் வந்தபோது அவர் இல்லை. ஓவியர் பெயரும் புத்தகத்தில் இல்லை. ஆனால் சீமாட்டி படுத்திருக்கும் கட்டிலின் கால்மாட்டில் எச், எல் என்று இரண்டு எழுத்து இருக்கிறது. செதுக்கியவருடைய கையெழுத்து அது.

இத்தனை பாடு பட்டு ஏன் மரத்தில் செய்ய வேண்டும், செம்பில் செய்யலாமே என்றால், செம்பில் கோட்டைப் பள்ளமாகக் கீறுவார்கள். பள்ளத்துக்குள் இருக்கும் மையை உறிஞ்ச வேறு வகை எந்திரம், வேறு அழுத்தம் வேண்டும். மரக்கட்டையிலோ கோடு மேலே நிற்கும், ஈய எழுத்தைப் போலவே. எழுத்தின் உயரத்துக்கே கட்டையை அறுத்துவிட்டால் இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் ஃபாரமாகப் பூட்டி, ஒரே இழுப்பில் எழுத்தும் படமும் சேர்ந்து விழும். ஃபுளோரன்ஸில் 1481இல் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்தைச் செம்புத் தகட்டுப் படங்களோடு கொண்டுவரப் பார்த்தார்கள். ஓவியர் பொட்டிசெல்லியின் வரைபடங்களை வைத்துச் செய்த படங்கள் 19. தொடக்கத்தில் இரண்டு மூன்றைத்தான் பக்கத்திலேயே அச்சடிக்க முடிந்தது. மற்றதைத் தனித் தாளில் அடித்துக் கோந்து தடவி ஒட்டினார்கள். பெரும்பாலான பிரதிகளில் அந்த இடங்கள் வெறும் வெள்ளையாகவே கிடக்கின்றன.

மரக்கட்டையும் முதல் நாளே எழுத்தோடு கூடிவிடவில்லை. தேதியிட்ட முதல் படப் புத்தகம் 1461 பிப்ரவரி 14இல் பாம்பெர்க் நகரத்தில் அல்பிரெஷ்ட் ஃபிஸ்டர் அச்சிட்ட நீதிக்கதைத் தொகுப்பு. அதில் முதலில் எழுத்தை மட்டும் அடித்துப் படத்துக்கு இடம் விட்டுவிட்டு, அப்புறம் அந்த இடத்தில் கட்டையைக் குத்தியிருக்கிறார்கள். இந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தவர் படத்துக்கு இடப்பக்கம் நிற்கும் ஒரு மனிதர். கை நீட்டி, ‘அங்கே பார்’ என்கிற மாதிரி கதைக்காட்சியைச் சுட்டிக்காட்டுவார். நரி வந்தாலும் நாய் வந்தாலும் அவர் வந்து நிற்பார். அவருக்குத் தனிக்கட்டை. தெருக்கூத்துக் கட்டியக்காரன்தான், சந்தேகமே இல்லை.

செதுக்குபவர்கள் சாமானியப்பட்டவர்களும் இல்லை. அச்சுக்கூடம் வருவதற்கு முன்னாலேயே சாமி படமும் சீட்டுக்கட்டும் அடித்துப் பிழைத்த கூட்டம் அது. ஆக்ஸ்பர்கில் குந்தர் சைனர் என்பவர் அச்சகம் போட்டுப் படப் புத்தகம் அடிக்கக் கிளம்பியபோது செதுக்குபவர்களின் சங்கத்தார் வழிமறித்தார்கள். எங்கள் பிழைப்பில் கை வைக்காதே என்று. 1470ஐ ஒட்டிய வருடங்கள் அவை. கடைசியில் உள்ளூர் மடத்துத் தலைவர் நடுவே புகுந்து பஞ்சாயத்து பண்ணினார்: படம் போடலாம், ஆனால் சங்கத்து ஆளை வைத்துத்தான் செதுக்க வேண்டும். அதற்கப்புறம் ஆக்ஸ்பர்க் படப் புத்தகங்களுக்கே பெயர் போன ஊராகிவிட்டது. 1496இல் ‘நூரெம்பெர்க் குரோனிக்கிளை’ச் சின்ன அளவில், மட்டமான படங்களோடு, மலிவு விலைக்குத் திருட்டுப் பதிப்பாக அடித்து கோபெர்கர் கூட்டத்தின் வியாபாரத்தில் மண்ணைப் போட்ட ஷோன்ஸ்பெர்கரும் ஆக்ஸ்பர்க்காரர்தான்.

படம் மணியடித்தால் போதாது, பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எங்கேயிருந்து முளைத்தது? 1486இல் மைன்ஸ் நகரத்தில் வந்த ஒரு யாத்திரைப் புத்தகத்தை நான் காட்டுவேன். பெர்ன்ஹார்ட் ஃபோன் ப்ரைடன்பாஹ் என்ற பெரிய பதவியில் இருந்த குருவானவர் 1483இல் எருசலேமுக்குப் புறப்பட்டபோது, எர்ஹார்ட் ரோய்விச் என்ற ஓவியரையும் கூடவே அழைத்துப்போனார். வழியில் தங்கிய ஊர்களை வரைந்துவருவது அவர் வேலை. வெனிஸ் படம் மட்டும் மடித்து மடித்து உள்ளே வைத்தது, பிரித்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளும். அரண்மனையும் மணிக்கூண்டும் கப்பல்களும் இருக்கிற இடத்தில் இருக்கின்றன. ‘குரோனிக்கிள்’ கூட்டம் வெனிஸுக்கு இதைப் பார்த்துத்தான் வரைந்தது.

அதே புத்தகத்தில் மிருகங்களுக்கு ஒரு பக்கம். ஒட்டகச்சிவிங்கி, முதலை, ஒட்டகம். ‘புனித நாட்டில் நாங்கள் கண்டபடியே உண்மையாக வரையப்பட்டவை’ என்று கீழே உறுதிமொழி. கூட்டத்தில் ஒற்றைக் கொம்புக் குதிரையும் நிற்கிறது! கூடவே வாலும் மனிதச் சாயலுமாக ஒரு குரங்கு, ஒட்டகத்தைக் கயிறு பிடித்து நடத்திப்போகிறது. அதற்குப் பக்கத்தில் மட்டும் ‘பெயர் தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். இல்லாத குதிரைக்குப் பெயர் தெரிந்திருக்கிறது. குரங்குக்குத் தெரியவில்லை. அந்த ‘தெரியவில்லை’ ஒரு வார்த்தைக்காகவே நான் அவர்களை நம்புவேன்.

இன்னும் ஐம்பது அறுபது வருடம் தள்ளிப் போனால் பாஸல் நகரம், 1542. லேயோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்ற வைத்தியப் பேராசிரியரின் மூலிகைப் புத்தகம். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட செடிப் படங்கள், பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு செடி, வேரோடு. ஓவியர்கள் நிழல், அலங்காரம் என்று தங்கள் இஷ்டத்துக்குக் கைவரிசை காட்டிச் செடியின் நிஜ உருவத்தை மறைக்க நான் விடவில்லை என்று முன்னுரையில் கறாராகச் சொல்கிறார். கறாரான ஆள்தான், ஆனால் பெரிய மனசு. புத்தகத்தின் கடைசியில் மூன்று வேலைக்காரர்களின் உருவத்தையும் பெயரோடு போட்டிருக்கிறார். மேலே இரண்டு பேர் மேஜையில். ஆல்பிரெஷ்ட் மாயர் எதிரே இருக்கும் செடியைப் பார்த்து வரைகிறார், ஹைன்ரிஷ் ஃப்யூல்மௌரர் அதைக் கட்டைமேல் ஏற்றுகிறார். கீழே தனியாக ஃபைட் ருடோல்ஃப் ஷ்பெக்லே, செதுக்குபவர். வெள்ளையைத் தோண்டி எடுக்கிற ஆளுக்கு ஒரு புத்தகத்தில் முகம் கிடைத்திருக்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்தப் பக்கம் அலுக்கவில்லை.

சரி, இந்தப் புத்தகத்தில் மிளகாய் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, ஐரோப்பாவுக்கு வந்து ஐம்பது வருடம்கூட ஆகவில்லை. படத்தில் துளி குறை சொல்ல முடியாது. இலை, பூ, தொங்கும் காய், எந்தச் சமையற்கட்டுக்காரரும் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். பெயர்தான் வேடிக்கை. ‘கள்ளிக்கோட்டை மிளகு’. மிளகு கள்ளிக்கோட்டையிலிருந்து வருகிறது, இதுவும் காரமாக இருக்கிறது, அப்படியானால் இதுவும் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்ற கணக்கு. ஐம்பது வருடத்துக்கு முன்னால் ‘குரோனிக்கிளில்’ பெயர் சரி, படம் பொய். இங்கே படம் சரி, பெயர் பொய். எங்கள் வீட்டில் இந்தப் படத்தைக் காட்டினேன். “காம்பு கூட அப்படியே இருக்கே” என்றார் மனைவி. அதைவிட நல்ல பாராட்டு ஷ்பெக்லேவுக்கு வேண்டியதில்லை.

கட்டைகள் தங்களைச் செய்தவர்களைவிட ரொம்ப நாள் வாழ்ந்தன. விற்றார்கள், வாடகைக்கு விட்டார்கள், கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுத்தார்கள். பூச்சி அரித்த ஓட்டை அச்சில் சின்ன வெள்ளைப் புள்ளியாக விழும். நிபுணர்கள் அந்தப் புள்ளிகளை எண்ணியே எந்தப் பதிப்பு முந்தியது, எது பிந்தியது என்று சொல்வார்கள். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் பிளாண்டின் அச்சகம் இருந்த வீடு இப்போது மியூசியம். அங்கே மட்டும் சுமார் 14,000 கட்டைகள். 1542இல் வைத்தியர் வெசாலியஸ் தன் உடற்கூறு நூலுக்கான பேரிமரக் கட்டைகளை இத்தாலியிலிருந்து ஆல்ப்ஸ் மலை வழியாகப் பாஸலுக்கு அனுப்பிவைத்தார். அடுத்த வருடம் புத்தகம் வந்தது. அந்தக் கட்டைகள் கை மாறி மாறி மியூனிக் வந்து சேர்ந்தன. 1934இல், கிட்டத்தட்ட நானூறு வருடம் கழித்து, அவற்றை வைத்தே மறுபடியும் ஒரு புத்தகம் அச்சடித்தார்கள். கோடு அப்போதும் கூர்மையாகத்தான் விழுந்தது. சுமார் பத்து வருடத்தில் இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து எல்லாம் எரிந்துபோயின.

பெரியப்பாவின் அச்சகம் ஆஃப்செட் வந்ததும் படுத்துவிட்டது. ஈய எழுத்துகள் எடைக்குப் போயின, மெஷினும் எடைக்குத்தான். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பரணில் தேடினேன். பெரியம்மா கீழே நின்று, “அங்க ஒண்ணும் இல்லப்பா, தேள் கீள் இருக்கப்போவுது, இறங்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பழைய கணக்கு நோட்டுகளுக்கு அடியில் கிடைத்தது கோபுரம். துத்தநாகத் தகடு அப்படியே இருக்கிறது. அதை ஆணி அடித்திருந்த மரத்தில் ஒரு பக்கம் முழுக்கச் செல் அரித்து உள்ளே கூடாகிவிட்டது. ஸ்டாம்ப் பேடில் ஒற்றி, ஒரு வெள்ளைத் தாளில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். மரம் ஒரு பக்கம் அமுங்கியதால் இடது தென்னை மரம் சரியாக விழவில்லை. கோபுரம் விழுந்தது, கலசத்தோடு.

தாள் காய்ந்ததும் பேனாவை எடுத்துக் கீழே ‘டமாஸ்கஸ்’ என்று எழுதினேன்.